நெட்டையம்மா வரும் காட்சி

வாடகைக் கார் அண்ணன் வீட்டு வாசலில் நின்றபோது தூறலாக இருந்த மழை, அவள் பெட்டியை இறக்கி, மகளை இறக்கி, குடையை விரிப்பதற்குள் கொட்டத் தொடங்கிவிட்டது. இருவரும் நனைந்துகொண்டே உள்ளே ஓடினார்கள்.

அவளுடைய அடுக்குமாடி வீட்டில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை மகளுக்கு ஒத்துக்கொள்ளாது. புருஷனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில். வேறு போக்கிடம் யோசிக்கவே தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, தான் பிறந்து வளர்ந்த வீட்டுக்கே மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

மகள் இந்த வீட்டில் தங்க வருவது இதுதான் முதல் தடவை. அம்மா உயிரோடு இருந்தவரை அதற்கு இடம் கொடுத்ததேயில்லை. "நானே வந்து பாத்துக்கறேன்" என்று மூட்டு வலியோடு பஸ் ஏறி வந்துவிடுவாள். வயதானவர்களின் பிடிவாதம் என்று விட்டுவிட்டார்கள். போன வருஷம் அம்மா போன பிறகு வீட்டில் அண்ணனும் அண்ணியும் மட்டும்தான். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

"மாமா, உங்க டிவிக்கு ஏன் முக்காடு போட்டிருக்கு?"

தலையைத் துவட்டிக்கொண்டே மகள் கேட்டாள். முன்னறையின் மூலையில், மர மேசை மேல், அந்தப் பழைய பெட்டி டிவி கனத்த துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது.

"அதுக்கு வயசாயிருச்சும்மா. தூங்குது," என்றான் அண்ணன். வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்பவன் அவன். எந்த மெஷினைப் பற்றியும் வீட்டு மனுஷரைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுவான்.

சாப்பிட்ட பிறகு மகளுக்குப் பொழுது போகவில்லை. வெளியே போகவும் வழியில்லை. படுக்கையறையில் இருந்த புது டிவியில் ஏதாவது போட்டுக் காட்டலாமென்று தேடியபோதுதான் அந்தப் படம் கண்ணில் பட்டது. நாணல் காடு, பெரிய நிலா, அண்ணாந்து பார்க்கும் ஒரு நீர்நாய்க்குட்டி.

"அண்ணா, இங்க வாயேன். நம்ம நீர்நாய்ப் படம்."

அவன் கையில் இருந்த ஸ்பானரோடு ஓடி வந்தான்.

அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு வீடியோ கேசட். அப்பா இல்லை. அம்மா தையல் ஆலையில் பகல் ஷிப்ட். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிள்ளைகள் மூன்று பேரும் ஜன்னல் திரைகளை இழுத்து மூடிவிட்டு, சோபாவில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். அண்ணன் ஒரு ஓரம், அவள் நடுவில், கடைக்குட்டி மறு ஓரம். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்ததால் கடைக்குட்டிக்குப் பொட்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது. பழுப்பு நிறப் போர்வை ஒன்றைக் கழுத்து வரை சுற்றிக்கொண்டுதான் பொட்டு படம் பார்ப்பாள்.

அதே சோபாவில்தான் ஒரு சாயங்காலம் பொட்டு தூங்கிப்போனாள். வேலை முடிந்து வந்த அம்மா தட்டி எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை. பிறவியிலேயே இதயத்தில் ஏதோ கோளாறு இருந்திருக்கும் என்றார் டாக்டர். அதன் பிறகு அந்த டிவி ஓடவில்லை. அந்தப் படத்தை அவர்களும் பார்க்கவில்லை.

இப்போது கட்டிலில் மூவரும் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். படத்தில், அம்மா நிலாவுக்குப் போய்விட்டாள் என்று தவளை சொல்வதை நம்பி, நீர்நாய்க்குட்டி நாணலை அறுத்து ஏணி கட்டத் தொடங்கியது. வசனம் வருமுன்னே அண்ணனின் உதடுகள் அசைந்தன.

"இப்ப பாரு, ஆத்தங்கரையில நெட்டையம்மா வருவாங்க," என்றாள் அவள், மகளிடம்.

ஆற்றங்கரை வந்தது. நிலா வந்தது. நாணல் ஆடியது. யாரும் வரவில்லை.

"கிணத்துக்கிட்ட வருவா," என்றான் அண்ணன்.

கிணறு வந்தது, போனது. இருட்டுக் குகையும் வந்து போனது. கடைசியில் குட்டி படகில் தனியாகத் துடுப்புப் போட்டு நிலாவெளிச்சத்துக்குள் போய் மறைந்தது. படம் முடிந்துவிட்டது.

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நெட்டையம்மாவையே காணோமே."

"வெட்டிட்டானுங்களோ என்னமோ. பழைய படத்தைச் சுத்தம் பண்ணிப் புதுசா விட்டிருக்காங்க போல."

"அது எப்படி வெட்டுவாங்க? பாதிப் படத்துல நிப்பாளே. சாம்பல் கலர்ல நீளமா உடுப்பு..."

"கை ரெண்டும் முழங்காலுக்குக் கீழ வரைக்கும் தொங்கும்," என்றான் அவன். "மூஞ்சியே காட்ட மாட்டாங்க. தலை படத்துக்கு மேல போயிரும்."

"கடைசி சீன்ல குனிவா. தூங்கிட்டிருக்கற தங்கச்சி நீர்நாயை அலுங்காமத் தூக்கிக்கிட்டுப் போவா. எனக்குப் படத்துலயே அதான் பிடிக்கும்."

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அதுக்குத் தங்கச்சியே கிடையாதேம்மா. அது ஒத்தைக்குட்டி."

உண்மைதான். இப்போது பார்த்த படத்தில் தங்கச்சி நீர்நாய் என்று எதுவுமே இல்லை.

மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அண்ணி குடையைத் தேடிக்கொண்டே சிரித்தாள். "ரெண்டு பேருக்கும் கழுதை வயசாச்சு. கார்ட்டூனுக்கு ஒரு பஞ்சாயத்து. புள்ளைக்கு டீ ஆறிப்போகுது, அதைக் கவனிங்க." கதவைச் சாத்திக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

அண்ணனுக்கு மனசு ஆறவில்லை. "என் கண்ணால பாத்தது பொய்யா? கேசட்டும் டெக்கும் பரண்லதான் கிடக்கு. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்," என்று ஏணியை எடுத்தான்.

"அந்த டிவி இன்னமுமா ஓடும்?"

"ஓட வைக்கறேன். அம்மா இதை விக்கவும் விடல, உடைக்கவும் விடல. பொட்டு ஞாபகமா வெச்சிருக்கான்னு நானும் தொடல."

துணியை எடுப்பது சுலபமாக இல்லை. அதன் முனைகளை அம்மா பின்பக்கம் இழுத்துக் கட்டியிருந்தாள். ஒரு முடிச்சின் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று. தூசிக்குப் பயந்து போட்ட முடிச்சுகள் போலத் தெரியவில்லை. கடைசியில் கத்தரிக்கோலால் வெட்டினான். ஈரத் துணியை வெகுநாள் மூட்டை கட்டி வைத்ததுபோல ஒரு வாடை அறையில் பரவியது.

மழை ஜன்னலை அறைந்துகொண்டிருந்தது. பழைய நாட்களைப்போலவே திரைகளை இழுத்து மூடினார்கள். அறை குகைபோல ஆயிற்று. உறை மட்டும் மாற்றிய அதே சோபா. அண்ணன் டெக்கை இணைத்து, கேசட்டைப் போட்டுவிட்டுத் தன் ஓரத்தில் உட்கார்ந்தான். அவள் நடுவில். யாரும் சொல்லாமலே மகள் மறு ஓரத்தில் ஏறிச் சுருண்டுகொண்டாள். குளிர்கிறது என்றாள். கட்டிலிலிருந்து ஒரு போர்வையைக் கொண்டுவந்து கழுத்து வரை போர்த்திவிட்டாள் அவள்.

டிவி கருகின தூசி வாசனையோடு விழித்துக்கொண்டது. கோடுகள் ஓடின. பாட்டு ஒரு பக்கமாக இழுபட்டு, பிறகு நேராயிற்று. தேய்ந்துபோன நாடா, படம் முழுக்க ஒரு நடுக்கம். நிலாவும் நாணலும் தண்ணீரும் நடுங்கிக்கொண்டே இருந்தன.

ஆற்றங்கரை வந்தது.

இருட்டில், வலது ஓரத்தில், சாம்பல் நிறத்தில் உயரமாக ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

"இருக்கா," என்று அண்ணன் தொடையில் தட்டினான். "சொன்னேன்ல."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. நெடுநாள் காணாத சொந்தக்காரியைத் தெருவில் பார்த்ததுபோல நெஞ்சு நிறைந்தது. அதே நீளக் கைகள். படத்தின் மேல்விளிம்புக்கு மேலே போய்விட்ட தலை. சின்ன வயதில், அந்தக் குட்டிக்குத் துணையாக இவள் ஒருத்தியாவது நிற்கிறாளே என்று எவ்வளவு ஆறுதலாக இருந்தது.

கிணற்றுக் காட்சியில் நெட்டையம்மா கொஞ்சம் பக்கத்தில் நின்றாள்.

குகையில் இன்னும் பக்கத்தில்.

அப்போதுதான் அவளுடைய சிரிப்பு நின்றது. எக்ஸ்ரே நிழல்களைப் பார்த்தே சம்பளம் வாங்குபவள் அவள். நோயாளி அசைந்துவிட்டால் எலும்பு, சதை எல்லாமே சேர்ந்து மங்கும். ஒன்று மட்டும் கூர்மையாக நின்றால், அது நோயாளியின் உடம்பில் உள்ளது அல்ல என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தில்தான் கண்ணில் பட்டது.

படத்தில் எல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. நிலா நடுங்கியது. குட்டியின் மீசை நடுங்கியது.

நெட்டையம்மா மட்டும் நடுங்கவில்லை.

சோபாவில் இருந்தபடியே அவள் தன் தலையை மெல்ல ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள். குகையும் குட்டியும் இருந்த இடத்திலேயே இருந்தன. அந்தச் சாம்பல் உருவம் மட்டும் கண்ணாடியில் இலேசாக நகர்ந்தது.

படத்தில் இல்லை. கண்ணாடியின் மேல்.

பெரிய, வளைந்த, பழங்காலத்துக் கண்ணாடி. காட்சி இருண்டபோதெல்லாம் எதிரில் இருப்பதைக் காட்டும் கண்ணாடி. உற்றுப் பார்த்தபோது அதில் சோபாவும் தெரிந்தது. அண்ணன் தெரிந்தான். அவள் தெரிந்தாள். ஓரத்தில் போர்வைக்குள் சுருண்ட ஒரு சின்ன உருவம், தூங்கும் நீர்நாய்க்குட்டியைப்போலவே தெரிந்தது.

அதற்குப் பின்னால் நெட்டையம்மா.

உட்கார்ந்தபடியே அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். சோபாவுக்குப் பின்னால் வெறும் சுவர். காலண்டர் ஆணி. வேறொன்றும் இல்லை. ஆனால் அந்த ஈர வாடை இப்போது மூலையிலிருந்து வரவில்லை. தலைக்கு மேலிருந்து வந்தது.

"அண்ணா," என்றாள் காற்றுக் குரலில். "நிறுத்து."

"ஏன், கடைசி சீன் இனிமேத்தானே..."

"நிறுத்துண்ணா."

அவன் எழுந்து போய் டிவியை அணைத்தான்.

அணைத்திருக்கக் கூடாது.

படம் போனதும் கண்ணாடி முழுவதும் கறுப்பாயிற்று. இதுவரை துண்டு துண்டாகத் தெரிந்தது இப்போது முழுசாகத் தெரிந்தது. திரையின் இடுக்கு வழியே வந்த மழை வெளிச்சத்தில், அறையே கண்ணாடிக்குள் இருந்தது. நெட்டையம்மா குனிந்திருந்தாள். குனிந்ததால் தலையும் தெரிந்தது. அதைப் பற்றி அவள் பின்னால் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த நீளக் கைகள் போர்வையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டிருந்தன. அலுங்காமல். தாய் தூக்குவதுபோல.

கண்ணாடியில் சோபாவின் ஓரம் காலியாக இருந்தது.

அவள் பக்கத்தில் தடவிப் பார்த்தாள். மகள் அங்கேதான் கிடந்தாள். கன்னம் தண்ணீர்க் குழாயைப்போலச் சில்லிட்டிருந்தது. மூக்கின் கீழே விரலை வைத்தாள்.

மூச்சு இல்லை.

"அது என் பொண்ணு," என்றாள் கண்ணாடியைப் பார்த்து. குரல் வெளியே வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. "கீழ விடு."

கண்ணாடியில் அந்த உருவம் நிமிர்ந்து, சுவர்ப் பக்கம் திரும்பத் தொடங்கியது.

"அண்ணா, திரையைத் திற. வெளிச்சம் வரட்டும்."

அவன் கல்லாக நின்றிருந்தான். அவனும் பார்த்துவிட்டான். அவள் இன்னொரு முறை சொன்ன பிறகுதான் அசைந்தான். திரையைப் பிடித்து இழுத்த வேகத்தில் கம்பியே பெயர்ந்து விழுந்தது. மழைக்கால வெளிச்சம்தான், ஆனால் கறுப்புக் கண்ணாடி வெளுத்து, வெறும் தூசி படிந்த கண்ணாடியாக ஆனது.

மகளைத் தரையில் கிடத்தி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதினாள். நெஞ்சை அழுத்தினாள். திரும்ப ஊதினாள். ஆஸ்பத்திரியில் மற்றவர்கள் செய்து பார்த்ததை, தன் கைகளால் தன் குழந்தைக்குச் செய்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அண்ணன் பக்கத்தில் மண்டியிட்டு, "பொட்டு, பொட்டு" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். பெயர் மாறிப்போனது அவனுக்குத் தெரியவில்லை.

ஒரு வழியாகக் குழந்தை இருமியது.

கண்ணைத் திறந்து, இருவரையும் பார்த்து, "பசிக்குது" என்றது.

அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எல்லாச் சோதனையும் செய்தார்கள். நெஞ்சுப் படத்தை அவளே எடுத்தாள். அவளே உற்றுப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. வலிப்பாக இருக்கலாம், கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் குழந்தைகள் டாக்டர்.

வராந்தா பெஞ்சில் அண்ணன் தலையைக் கைகளில் தாங்கி உட்கார்ந்திருந்தான். மருந்துக்கடையிலிருந்து ஓடி வந்த அண்ணி உள்ளே குழந்தையின் பக்கத்தில் இருந்தாள்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றான் அவன். "அன்னைக்குப் பொட்டுவைத் தூக்கறப்போ எதிர்ல டிவி அணைஞ்சுதான் இருந்தது. அதுல பாத்திருப்பா."

"போதும்ணா."

"கடைசி சீனு. தங்கச்சி நீர்நாயைத் தூக்கிட்டுப் போற சீனு. எத்தனை தடவை பாத்தோம் அதை?"

அவள் யோசித்தாள். ஆற்றங்கரையும் கிணறும் குகையும் எத்தனையோ தடவை. ஆனால் அந்தத் தூக்கிச் செல்லும் காட்சி, ஒரே ஒரு தடவைதான் நினைவில் இருந்தது. அவ்வளவு தெளிவாக, அவ்வளவு அழகாக. ஒரே ஒரு தடவை.

"நாம கை தட்டினோம்," என்றான் அண்ணன். "ஞாபகம் இருக்கா? அவ தூக்கிட்டுப் போகும்போது ரெண்டு பேரும் கை தட்டினோம்."

அவள் அவன் தோளில் கை வைத்தாள். அவன் அழுதபோது அந்தத் தோள் ஒரு சின்னப் பையனுடையதுபோலக் குலுங்கியது.

அன்று சாயங்காலமே அவன் போய்ச் சுத்தியலால் அந்த டிவியை உடைத்தான். கண்ணாடித் தூளைக்கூட விட்டு வைக்கவில்லை; வாரிச் சாக்கில் கட்டி, குப்பைக் கிடங்கில் தன் கையாலேயே புதைத்துவிட்டு வந்தான். அந்த மாதக் கடைசியிலேயே அண்ணனும் அண்ணியும் வீட்டைப் பூட்டிவிட்டு வேறு வீட்டுக்குக் குடிபோனார்கள். அண்ணி அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பற்றிக் கேலி பேசவில்லை.

மகள் நன்றாகத்தான் இருந்தாள். முன்னைவிட நன்றாகச் சாப்பிட்டாள். தூங்கும்போது அவள் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்ப்பது மட்டும் தாய்க்கு வழக்கமாகிவிட்டது. புருஷன் லீவில் வந்து இருந்துவிட்டுப் போனான். மழைக்காலம் போய் வெயில் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அவளும் சிரிக்கத் தொடங்கினாள்.

பள்ளி திறந்த அன்று காலை. அடுக்குமாடியில் எல்லா வீட்டிலும் ஒரே அவசரம். புத்தகப் பையையும் தண்ணீர் பாட்டிலையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் வீட்டைப் பூட்டிவிட்டு, லிப்ட்டை நோக்கி நடந்தாள். மகள் முன்னாலேயே ஓடிப்போய் அங்கே நின்றிருந்தாள். புதுச் சீருடை, புது ஷூ. மூடியிருந்த லிப்ட்டின் எஃகுக் கதவு கண்ணாடிபோலப் பளபளவென்று இருந்தது.

அதன் எதிரில் நின்று மகள் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.

"தூக்கணுமா? இவ்வளவு பெரிய பொண்ணு நீ, ஸ்கூல்ல பாத்தா சிரிக்க மாட்டாங்களா?" என்று பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள்.

"நீ இல்லம்மா," என்றாள் மகள், கதவிலிருந்து கண்ணை எடுக்காமல்.